முனிரத்தினம் தாண்டிய வரிகள்

முகம் முழுக்க சோப்பு நுரை. கழுத்தைச் சுற்றித் துண்டு. தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. இந்த நிலையில் ஒரு எழுத்தாளன் தன் எழுத்தைப் பற்றிய விமர்சனத்தைக் கேட்க நேர்ந்தால் அவனால் எழுந்து போகவும் முடியாது, மறுத்துப் பேசவும் முடியாது. வாயைத் திறந்தால் நுரை உள்ளே போய்விடும். விமர்சகர்கள் எல்லோரும் எழுத்தாளர்களை இப்படி உட்கார வைத்துத்தான் பேச வேண்டும் என்று பிற்பாடு நான் நினைத்ததுண்டு.

இடம், அல்சூர் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சந்தில் இருந்த தணிகாசலத்தின் சலூன். ஞாயிற்றுக்கிழமை காலை. மார்கழிக் குளிருக்குப் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் தலையில் மப்ளர் சுற்றியிருந்தார்கள். முறை வந்த பிறகுதான் அவிழ்ப்பார்கள். மூலையில் கரியடுப்பின் மேல் வெந்நீர். பக்கத்தில் படிகாரக் கட்டி. தணிகாசலம் தோல் பட்டையில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

பெஞ்சின் நடுவில் மில் தொழிலாளி முனிரத்தினம். மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்திறங்கிய வார இதழ் அவர் மடியில். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சிலர் கன்னடப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள், மற்றவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகாதவர்கள். அதனால் ஞாயிறுதோறும் முனிரத்தினம் தொடர்கதையை உரக்கப் படிப்பார், கடை கேட்கும்.

"'பௌர்ணமி நிலவு பாலைப் பொழிந்துகொண்டிருந்தது.' நெலா. ஒரு பத்து வரி கீது. வுடு. 'தென்றல் அவளது கருங்கூந்தலை...' காத்து. இதுவும் வுடு. 'சுலோசனாவின் இதயத்தில் எண்ண அலைகள் மோதின.' அழுவப் போறா. அழுவுறா. அடுத்த பக்கம் வரிக்கும் அழுவுறா. ஆங், இங்க நிறுத்திட்டா. 'கதவு தட்டப்பட்டது.'"

"யாரு தட்னது?" என்று கேட்டது பெஞ்சு.

"'தொடரும்'னு போட்டுகீது."

கடை முழுக்க ஒரு பெருமூச்சு. அது கதையில் லயித்த பெருமூச்சு அல்ல.

"இந்த பாக்கியம் அம்மாவுக்கு வூட்ல வேல வெட்டி ஒண்ணும் கெடையாது போலகீது" என்றார் முனிரத்தினம், இதழை மூடிக்கொண்டே.

அந்த பாக்கியம் அம்மா நான்தான்.

பெயர் மட்டும் அவளுடையது

தனபாக்கியம் என் மனைவியின் பெயர். அந்தக் காலத்தில் மீசை வைத்த ஆண்கள் பலர் மனைவி பெயரில் கதை எழுதினார்கள். குடும்பக் கதை என்றால் பெண் பெயர் இருந்தால்தான் பெண்கள் படிப்பார்கள் என்று பத்திரிகை ஆசிரியர்கள் நம்பினார்கள். எங்கள் ஆசிரியரும் நம்பினார். பெண்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தொடரின் தலைப்பை இங்கே சொல்லப் போவதில்லை. நான்கு சொற்கள் கொண்ட தலைப்பு, அதில் மூன்று கண்ணீர் சம்பந்தப்பட்டவை. ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி, அவருடைய நோயாளி மனைவி, அழுவதற்கென்றே பிறந்த மகள் சுலோசனா. இவ்வளவுதான் கதை. மீதி நிலவும் தென்றலும்.

அன்று சலூனிலிருந்து வீட்டுக்குப் போய் நடந்ததைப் பாக்கியத்திடம் சொன்னேன். அனுதாபம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தது என் தவறு.

"சந்து முழுக்க என்னத்தான் திட்றாங்கன்னு சொல்லுங்க" என்றாள். "நீங்க எழுதுவீங்க, நான் வாங்கிக் கட்டிக்கணும்."

"அவனுக்கு என்ன தெரியும்? படிக்காத ஜனங்க."

"படிக்காத ஜனங்க இல்லீங்க, தாண்டிப் படிக்கிற ஜனங்க. நானும் அந்த எடத்தையெல்லாம் தாண்டித்தான் படிக்கிறேன்."

கையெழுத்துப் பிரதியை முதலில் படிப்பவள் அவள்தான். பதினோரு வாரமாக என் முதல் வாசகி என்னைத் தாண்டியே வந்திருக்கிறாள்.

"உங்க கதையில யாரும் தண்ணி குடிக்கிறதில்ல, கவனிச்சிருக்கீங்களா? பாத்திரம் தேய்க்கிறதில்ல. எல்லாரும் நெஞ்சப் புடிச்சிக்கிட்டே நிக்கிறாங்க."

மறுநாளே ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது. தொடருக்கு வாசகர் கடிதங்கள் வருவதில்லை என்றும், நான்கு வாரத்தில் நிலைமை மாறாவிட்டால் நிறுத்திவிட உத்தேசம் என்றும் மிக மரியாதையாக எழுதியிருந்தார். அந்தத் தொடர்தான் எனக்கு அப்போது எல்லாம். சர்வே ஆபீஸில் நான் கோப்புகளுக்கு எண் போடுகிற குமாஸ்தா. வாரத்தில் ஒரு நாள் மட்டும் அச்சில் வருகிற மனிதன். அந்த ஒரு நாளும் போய்விடும் போலிருந்தது.

கவிதையைக் கொன்ற கதை

சென்ற வாரம் இந்தப் பகுதியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு இளைஞர், சிறுகதை எழுதுகிறவராம், கேட்டிருக்கிறார்: "உரைநடை எழுதுகிறவன் கவிதை படிப்பதால் பயன் உண்டா?" உண்டு தம்பி. என்ன பயன் என்று தெரிந்துகொண்ட பிறகும் படிப்பீர்களா என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான் இந்த வாரம் இவ்வளவும்.

நான் கவிதையின் விரோதி. பகிரங்க விரோதி. எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தில் ஆண்டுவிழாவுக்கு ஒரு விவாதம் வைத்தார்கள்: வருங்காலம் உரைநடைக்கா, கவிதைக்கா? உரைநடைக் கட்சிக்கு நான்தான் தலைவன். விமானம் பறக்கிற காலத்தில் எதுகை தேடிக்கொண்டிருப்பவனை என்னவென்று சொல்வது என்று கேட்டேன். கைதட்டல். கவிதை செத்துவிட்டது, அடக்கம் செய்ய ஆள் இல்லாமல் கிடக்கிறது என்றேன். மேலும் கைதட்டல். எதிர்க்கட்சியில் பேசிய தமிழாசிரியர் பாவம், பாடிக் காட்டினார். மாலை எனக்குத்தான் விழுந்தது. சாமந்தி மாலை, எறும்புகளோடு.

எனக்கு இந்த உரைநடை வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா மைசூர் சமஸ்தான உத்தியோகஸ்தர். அவருடைய மனுக்களும் அறிக்கைகளும் ஆபீஸில் பேர் பெற்றவை. ஒரு வாக்கியம் பக்கத்தின் தலையில் புறப்பட்டால் அடிவாரத்தில்தான் இறங்கும். குளத்தில் தூர் வார வேண்டும் என்று சொல்ல, குளம் வெட்டிய மகாராஜாவின் பாட்டனாரிலிருந்து ஆரம்பிப்பார். தூர் வாரினார்களா என்று எனக்குத் தெரியாது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த சொத்து அந்த நடைதான். அவர் குளத்துக்குச் செய்ததை நான் சுலோசனாவின் இதயத்துக்குச் செய்தேன்.

அட்டை கிழிந்த புத்தகம்

ஆசிரியரின் கார்டை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாக்கியம் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் போட்டாள். பிரேசர் டவுனில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் கொடுத்த பரிசு. அட்டை போய்விட்டது, பெயரும் போய்விட்டது. பழைய பாட்டுகள், கீழே உரை.

"பாட்டா?" என்றேன்.

"செத்துப்போனதுதானே, கடிக்காது. படிங்க."

வீட்டில் படிக்க வெட்கமாக இருந்தது. மன்றத்துக்காரர்கள் யாராவது வந்துவிட்டால்? ஆபீஸுக்கு எடுத்துப் போய், ஒரு பழைய நில அளவைக் கோப்புக்குள் வைத்துப் படித்தேன். மற்ற குமாஸ்தாக்கள் கோப்புக்குள் துப்பறியும் நாவல் வைத்துப் படித்த காலம் அது. செத்துவிட்டது என்று நானே அறிவித்த ஒன்றை ஒளித்து வைத்துப் படித்தவன் நான் ஒருவன்தான்.

முதல் இருபது பாட்டுகள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இருபத்தொன்றோ இருபத்திரண்டோ, ஒரு சின்னப் பாட்டு. புருஷன் பொருள் தேடப் போய்விட்டான். பாட்டில் அவனைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அழுகை கிடையாது. நெஞ்சு கிடையாது. முற்றத்தில் நெல் காய்கிறது, கோழி வந்து கொத்துகிறது, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், விரட்டவில்லை. பாட்டு முடிந்துவிட்டது.

நான் திரும்பப் படித்தேன். இன்னும் ஏதாவது இருக்கும் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அங்கே உரையாசிரியர் இருந்தார். தலைவி தலைவனின் பிரிவால் தன்னிலை மறந்து, இல்லறக் கடமைகளில் மனம் செல்லாதவளாய், என்று ஒன்றரைப் பக்கம். அவர் எனக்குச் சொந்தக்காரர் என்று உடனே தெரிந்துவிட்டது. பதினோரு வாரமாக நான் பாட்டை எழுதாமல் உரையை மட்டுமே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போதுதான் ஹெட் கிளார்க் ராவ் என் தோளுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் பாதித் தாளில் முடிந்துபோகிற வரிகள் எந்த சர்வே ரிப்போர்ட்டிலும் கிடையாது என்பது தெரியும்.

"இது யாவ தாலூக்கு ஸ்வாமி?" என்று கேட்டார். எந்தத் தாலுகா என்று நிஜமாகவே தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

நான் முழித்தேன். அவர் தம் மேஜைக்குப் போய் இழுப்பறையைப் பாதி திறந்து காட்டினார். உள்ளே கன்னடத்தில் அதே மாதிரி குட்டை வரிகள். அதன்பின் நாங்கள் இருவரும் ஓய்வுபெறும் வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

காது முளைத்தது

சில வாரம் தினம் ஒரு பாட்டு. இதனால் என் நடை மறுநாளே பளபளத்தது என்று எழுதினால் அது பொய். முதலில் நடந்தது வேறு. என்னால் எழுதவே முடியாமல் போயிற்று. "எண்ண அலைகள்" என்று எழுதியதும் கை நின்றுவிடும். கோழியை விரட்டாத அந்தப் பெண் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டு, இது எதற்கு என்று கேட்பாள். பக்கங்கள் சிறுத்துக்கொண்டே போயின.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். எனக்குக் காது முளைத்தது. அதுவரை ஜனங்கள் பேசும்போது, அடுத்து நான் என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். இப்போது அவர்கள் சொல்வது காதில் விழ ஆரம்பித்தது.

அப்படி விழுந்ததுதான் தணிகாசலம் சொன்னது. ஒரு வார நாள், கடையில் வேறு யாரும் இல்லை. அவருடைய மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் சும்மா, வீட்டில் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முடிவெட்டும் தொழில் செய்கிறவர்கள் கடையிலிருந்து வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள். கொல்லைக் கதவருகே தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். அது வீட்டுப் பெண்களின் பொறுப்பு.

"இன்னாத்த சொல்றது சார்" என்றார் தணிகாசலம். "காலைல நானே பக்கிட்டுல தண்ணி ரொப்பி கொல்லக் கதவாண்ட வெச்சிட்டு கடைக்கு வரேன். சாய்ந்தரம் போயி அதே கதவாண்ட நின்னுகினு 'தண்ணி வெச்சிட்டியா'ன்னு கேக்குறேன். டெய்லி கேக்குறேன் சார். கேட்டப்புறம்தான் நாபகம் வருது."

சொல்லிவிட்டு என் கன்னத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வேலையைத் தொடர்ந்தார். அவருக்கு அது ஒரு பதில், அவ்வளவுதான். அவருக்காக வருத்தப்பட்டேன், சத்தியமாக வருத்தப்பட்டேன். ஆனால் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒருவன் பேனாவைத் திறந்துவிட்டான். அவனைப் பற்றி எனக்கு இன்றுவரை நல்ல அபிப்பிராயம் கிடையாது.

அந்த வார அத்தியாயத்தில் நீதிபதியின் மனைவி இறந்தாள். சாவுக்கு நான்கு பக்கக் கண்ணீர் தயாராக வைத்திருந்தேன். அத்தனையையும் கிழித்தேன். நீதிபதி காலையில் தானே செம்பில் தண்ணீர் மொண்டு வாசலில் வைத்துவிட்டு உலாவப் போகிறார். மாலையில் திரும்பி வந்து, படியில் நின்று, கால் கழுவ, "தண்ணீர் வைத்துவிட்டாயா?" என்று உள்ளே பார்த்துக் கேட்கிறார். அத்தியாயம் அங்கே முடிகிறது.

பாக்கியம் படித்தாள். ஒரு வரியையும் தாண்டவில்லை. "இது நீங்க எழுதினதா?" என்று மட்டும் கேட்டாள். பெருமையோடு தலையாட்டினேன்.

கத்தி நின்றது

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேண்டுமென்றே முதல் ஆளாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். முகத்தில் நுரை ஏறியது. முனிரத்தினம் இதழைப் பிரித்தார்.

படித்தார். நிலவு வரவில்லை. தென்றல் வரவில்லை. தாண்டுவதற்கு இடம் கிடைக்காமல் தடுமாறி, குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வரியாகப் படித்தார். பெஞ்சில் இருமல் நின்றது. கடைசி வரியைப் படித்துவிட்டு "தொடரும்" என்று சொல்லாமலே மூடினார்.

நான் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வாரம் ஏங்கியது நடந்துவிட்டது. அப்போதுதான் என் கழுத்தில் கத்தி நகரவில்லை என்பது தெரிந்தது.

"முனிரத்தினம், அந்தக் கடேசிய இன்னொரு தபா படி" என்றார் தணிகாசலம்.

முனிரத்தினம் படித்தார்.

தணிகாசலம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னார்: "இத நான் ஒருத்தர்கிட்டதான் சார் சொன்னேன்."

உலகத்தில் வேறு எந்த எழுத்தாளனுக்கும் திருட்டு இவ்வளவு வசதியான நிலையில் பிடிபட்டிருக்காது. குரல்வளையில் கத்தி, முகத்தில் நுரை. நான் கண்ணைத் திறக்கவில்லை.

மீதிச் சவரத்தை ஒழுங்காகச் செய்து முடித்தார். எங்கும் கீறவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. துண்டை உதறிவிட்டு வாசல் வரை கூடவே வந்தார்.

"அந்த பாக்கியம் அம்மா நீங்கதானா?"

"என் சம்சாரம் பேர்" என்றேன். "தப்புதான். கேக்காம எழுதிட்டேன்."

"கோவம் வந்துச்சு சார். இல்லேன்னு சொல்லல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பால கேக்கக் கேக்க, அது நான்தான்னு தோணல. யாரோ ஒரு ஆளு நிக்கிறான், பாவம்னு தோணுச்சு. எட்டு மாசமா எனக்கு அழுவ வரல சார். இப்ப வருது."

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார்.

"எங்க அக்கா எனக்கு ஆம்பூராண்ட ஒரு பொண்ணு பாத்து வெச்சுக்கினு உயிர எடுக்குது. என்னால ஆவாதுன்னா ஏன் ஆவாதுன்னு கேக்குது. எனக்குச் சொல்லத் தெரியல. முனிரத்தினத்த இட்டுகினு போயி இத அக்காவுக்குப் படிச்சுக் காட்டப் போறேன். வாரா வாரம் காட்றேன். அந்த ஜட்ஜு ஐயாவும் அப்படியே இருப்பாரில்ல?"

"இருப்பார்" என்றேன்.

அடுத்த வார அத்தியாயத்தை நான் முந்தின நாளே தபாலில் போட்டிருந்தேன். அதில் ஜட்ஜு ஐயாவுக்கு இரண்டாவது கல்யாணம்.

ஒரு தொடரின் சாவு

கல்யாணம் என் யோசனை இல்லை. ஆசிரியரின் உத்தரவு. கதையில் இளமை குறைகிறது, நீதிபதிக்கு ஒரு சின்ன வயது மனைவியைக் கொண்டு வாருங்கள், சுலோசனாவுக்குச் சித்திக் கொடுமை கிடைக்கும் என்று எழுதியிருந்தார். நானும் நாதஸ்வரம், பட்டுப்புடவை, புது மனைவியின் நாணம் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். அதில் என் அப்பாவின் நடை முழுதாகத் திரும்பி வந்திருந்தது.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்த குழம்பை இறக்கி வைத்தாள்.

"அன்னைக்கு நான் கேட்டேனே, நீங்க எழுதினதான்னு" என்றாள். "தலைய ஆட்னீங்க."

குழம்பை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என் பேரப் போட்டு அந்த மனுஷனோடத எடுத்தீங்க. இப்ப என் பேரப் போட்டே அவருக்கு நாயனம் ஊதப் போறீங்களா? நான் எப்படி அந்தச் சந்துல நடப்பேன்?"

தந்தி ஆபீஸுக்கு ஓடினேன். அத்தியாயத்தை நிறுத்துங்கள், கடிதம் வருகிறது. கடிதத்தில், நீதிபதி மறுமணம் செய்துகொள்ள மாட்டார் என்று எழுதினேன். ஏன் என்று விளக்கவில்லை. அவ்வளவு தூரம் கவிதை எனக்குள் வேலை செய்துவிட்டது.

ஆசிரியரின் பதில் வந்தது. செம்புத் தண்ணீர் அத்தியாயத்துக்கு மூட்டையாகக் கடிதங்கள் வந்திருக்கின்றனவாம். ஆகவே கல்யாணத்துக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காதாம். கல்யாணம் உண்டு என்றால் தொடர் உண்டு, இல்லையென்றால் இல்லை.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். சவரம் செய்கிற ஒருவருக்கு அவருடைய அக்கா பெண் பார்த்தால் எனக்கென்ன என்று பல விதமாக வாதாடிப் பார்த்தேன். மேடையில் ஜெயித்தவன் அங்கே தோற்றேன். இல்லை என்று எழுதிப் போட்டேன். அடுத்த இதழில் ஒரு மூலையில், தவிர்க்க முடியாத காரணங்களால் திருமதி பாக்கியத்தின் தொடர் நிறுத்தப்படுகிறது என்று இரண்டு வரி வந்தது. முனிரத்தினம் அதையும் தாண்டாமல் படித்தாராம்.

ஆக, தம்பி, கவிதை படித்ததால் எனக்கு விளைந்த பயன்கள் இதுவரை: ஒரு திருட்டு, ஒரு பொய், நின்றுபோன ஒரு தொடர்.

இரண்டும் நெஜம்

இரண்டு வருஷம் கழிந்தது. நான் என் சொந்தப் பெயரில் சின்னச் சின்னக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை தணிகாசலம் வீட்டுக்கு வந்தார். வெளுத்த வேட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை.

"ஆம்பூர் பொண்ணுதான் சார்" என்றார், பாக்கியத்தைப் பார்க்காமல்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த மனிதனுக்காகவா என் தொடரைக் கொன்றேன்? "அன்னைக்கு ஆவவே ஆவாதுன்னீங்களே" என்று கேட்டே விட்டேன்.

"அன்னைக்கு ஆவாதுன்னு இருந்துச்சு. அது நெஜம் சார். இன்னைக்கு ஆவும்னு இருக்குது. இதுவும் நெஜம்தான்." தட்டைக் கீழே வைத்தார். "பந்தல்ல குடுக்க வாழ்த்து அச்சடிக்கணும். நீங்கதான் எழுதணும். பாட்டா எழுதுங்க சார். அந்த ரெண்டையும் சேத்து எழுதுங்க."

உரைநடையில் கேட்டிருந்தால் பன்னிரண்டு பக்கத்தில் சமாளித்திருப்பேன். அன்று ஒன்று, இன்று வேறு, காலம் மாறியது என்று விளக்கியிருப்பேன். அவர் விளக்கம் கேட்கவில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து, ராவின் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, கடைசியில் நான்கு வரி வந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பாட்டு.

வாசலில் நின்று கேட்ட குரலுக்கு
உள்ளிருந்து வந்தது ஒரு பதில்.
முன்பு பதில் சொன்னவள்தான்
கதவைத் திறந்துவிட்டவள்.

பந்தலில் முனிரத்தினம் எழுந்து நின்று படித்தார். மூன்றாவது வரியில் கூட்டம் அமைதியாயிற்று. நான்காவது வரியில் தணிகாசலத்தின் அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கல்யாணப் பந்தல்ல செத்தவளப் பத்திப் பாட்றதா? எவன்டா அவன் எழுதினது?" என்று எழுந்துவிட்டார். நான் பாக்கியத்தின் பின்னால் நகர்ந்துகொண்டேன். அச்சடித்த தாள்களை அக்கா ஒன்று விடாமல் பிடுங்கி, பந்தி நடக்கிற பக்கம் கொண்டுபோய்ப் போட்டார். வீணாகவில்லை. போகிறவர்களுக்கு அதில்தான் லட்டு மடித்துக் கொடுத்தார்கள். என் கவிதை அல்சூரிலிருந்து ஆம்பூர் வரை நெய்யில் ஊறிப் போய்ச் சேர்ந்தது.

விடைபெறப் போனபோது மணப்பெண்ணின் கையிலும் யாரோ ஒரு பொட்டலத்தைக் கொடுத்திருந்தார்கள். அவள் பிரித்தாள். தாளைப் பார்த்தாள். உதடு அசைய, எழுத்துக் கூட்டி, நான்கு வரியையும் படித்தாள். பிறகு லட்டைப் பக்கத்தில் இருந்த தட்டில் வைத்துவிட்டு, அக்கா பார்க்காதபடி தாளை எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.